மீனுக்கு வைத்த காற்று

கூறைமீனுக்கு விலை ஏறியது கடலில் அந்த மீன் குறைந்துபோனதால் அல்ல. சமாதானம் முறியப்போகிறது என்று கொழும்பில் கதை அடிபட்டதால் ஏறியது. சாம்பல்தீவுக் கடைகளில் மாவும் சீனியும் மண்ணெண்ணெயும் ஏறிய அதே கிழமையில்தான் அதுவும் ஏறியது. மாவுக்கு விலை ஏறினால் ஊரே வயிற்றில் அடித்துக்கொள்ளும். கூறைமீனுக்கு ஏறினால் குணேஸ்வரியின் வீட்டில் மட்டும் ஒரு சந்தோசம். நாலு சனம் அரிசிக்கு அலைகிற நேரத்தில் அது வெளியில் தெரியக்கூடாதென்று, அவள் கிணற்றடியில் மற்றப் பெண்களோடு சேர்ந்து தானும் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு வருவாள்.

அது தின்கிற மீன் இல்லை. உள்ளங்கைக்குள் அடங்கும். உடம்பு கத்தரிப்பூ நிறம், ஓரமெல்லாம் பொன் கரை. கலியாணக் கூறையின் நிறமென்று சுழியோடிகள் அப்படிப் பெயர் வைத்துவிட்டார்கள். கரையோரப் பாறைகளில் அதைக் காண ஏலாது. வெளிக்கல் என்று அவர்கள் சொல்லுகிற பவளப்பாறையில், இருபத்தைந்து பாகம், அதாவது நூற்றைம்பது அடி ஆழத்தில், பொந்துகளுக்குள் சோடி சோடியாக இருக்கும். அதை உயிரோடு பிடித்து உயிரோடு கொழும்பில் சேர்க்கவேண்டும். செத்த கூறைமீனைப் பூனையும் மோந்து பார்க்காது.

கொழும்பில் பத்துப் பன்னிரண்டு பெரிய மனிசர் கண்ணாடித் தொட்டிக்குள் கடலையே வைத்து மீன் வளர்த்தார்கள். டொக்டர், வழக்குப் பேசுகிற அப்புக்காத்து, தேயிலைக் கம்பனிக்காரர் என்று எல்லாரும் காசுள்ளவர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒருவர் வீட்டில் கூடுவார்கள். உன் மீனை நான் எடுக்கிறேன், என் மீனை நீ எடு என்று மாற்றிக்கொள்வார்கள். அதில் காசுக் கதையே இருக்கவில்லை. லிங்கநகரில் பிறந்து கொழும்பில் பொறியியலாளராக இருந்த கனகசுந்தரமும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். திருகோணமலை மீன் வேண்டுமென்றால் அவரைத்தான் பிடிப்பார்கள். அவர் வந்து குணேஸ்வரியின் கணவன் யோகலிங்கத்தைப் பிடிப்பார்.

யோகலிங்கத்துக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. சமாதான காலத்தில் நிலாவெளி ஹோட்டலில் வெள்ளைக்காரரைக் கடலுக்குள் கூட்டிப்போன இடத்தில், முதுகில் காற்றுத் தாங்கியைக் கட்டிக்கொண்டு இறங்கப் பழகினவன். சுனாமி ஹோட்டலை வாரிக்கொண்டு போனபின் மீன் பிடிக்கத் தொடங்கினான். அதே சுனாமி அவர்களுடைய வீட்டையும் கொண்டுபோயிருந்தது. உதவிப் பணத்தில் எழுப்பின புது வீட்டுக்குச் சுவர் வந்துவிட்டது. கூரை வரவில்லை. தறப்பாளுக்குக் கீழேதான் இருந்தார்கள்.

2006 வைகாசியில் கனகசுந்தரம் வந்தபோது அவருடைய முகமே வேறாக இருந்தது. வானை ஓட்டிக்கொண்டு வந்தவன் கிண்ணியாத் தாஹிர். கொழும்புக்கு மீன் ஏற்றுகிறவன் அவன்தான். கனகசுந்தரம் நல்ல காற்சட்டையோடு முற்றத்துச் சீமெந்துத் தொட்டிக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்று, உள்ளே நீந்திய இரண்டு வண்ணாத்தி மீன்களை நெடுநேரம் பார்த்தார். அவருக்கு மீன் என்றால் உயிர். அதைப் பொய்யென்று ஒருவரும் சொல்ல ஏலாது.

"யோகலிங்கம், கூறைமீன் சோடி ஒண்டு வேணும்," என்றார். "இந்த முறை முப்பதினாயிரம் தருவன்."

யோகலிங்கம் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தான். "போன முறை ஆறாயிரம் எல்லோ ஐயா தந்தனீங்கள்?"

"அது போன முறை. எங்கட ஆக்களில ஒருத்தர் தன்ர சோடியை கொம்பியூட்டரில படம் போட்டு ஒரு சிங்கப்பூர்க்காரனுக்கு வித்துப்போட்டார். மோட்டார்சைக்கிள் வாங்கிற காசு. அண்டையிலிருந்து ஒருத்தரும் ஒருத்தருக்கும் மீன் மாத்திறேல்ல. எல்லாரும் வச்சுக்கொண்டு விலை பாக்கினம்."

"நீங்களும் பாக்கிறியளோ?" என்று குணேஸ்வரி குசினி வாசலில் நின்று கேட்டாள்.

அவர் சிரித்தார். "நான் மட்டும் சன்னியாசியே தங்கச்சி? சண்டை தொடங்கினா கடல் பூட்டு. கடல் பூட்டினா இருக்கிற மீனுக்குத்தான் விலை. இன்னும் ரெண்டு மாசத்தில இதே சோடி என்ன விலைக்குப் போகுமெண்டு ஆருக்குத் தெரியும்?"

தாஹிர் வானுக்குள் இருந்தபடி, "எரியிற வீட்டில புடுங்கினது லாபம் எண்டு சொல்றாங்க ஐயா," என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். கனகசுந்தரமும் சிரித்தார். யோகலிங்கம் சிரிக்கவில்லை. அவன் தலையை நிமிர்த்தித் தறப்பாளைப் பார்த்துக்கொண்டிருந்தான். முப்பதினாயிரத்துக்கு எத்தனை ஓடு வருமென்று அவன் யோசிக்கிறான் என்பது குணேஸ்வரிக்குத் தெரிந்தது, ஏனென்றால் அவளும் அதைத்தான் யோசித்தாள்.

கூறைமீனை மேலே கொண்டுவருவது லேசான வேலையில்லை. ஆழத்தில் இருந்து சட்டென்று தூக்கினால் வயிறு ஊதி, மல்லாந்து மிதந்து செத்துவிடும். அதற்காக ஒரு கயிற்றில் ஐந்து பாகத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டிருப்பார்கள். கீழ் முடிச்சுகளில் கூடை கொஞ்ச நேரம் நிற்கும், மேல் முடிச்சுகளில் கூடுதலாக நிற்கும். கூடையோடு சுழியோடியும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பான். மீனுக்கு என்ன விதியோ அதே விதிதான் ஆளுக்கும். மீனுக்கு வயிற்றில் காற்று ஊதும், ஆளுக்கு இரத்தத்தில் ஊதும் என்று ஹோட்டல் வெள்ளைக்காரன் சொல்லிக்கொடுத்திருந்தான்.

அப்படி நின்று வந்த மீனுக்கும் சிலவேளை வயிறு ஊதியிருக்கும். அங்கேதான் குணேஸ்வரியின் கை வேலை செய்யும். ஊசி மருந்து போடுகிற மெல்லிய ஊசியை அவித்து எடுத்து, மீனைத் தண்ணீருக்குள்ளேயே இடது கையில் பொத்திப் பிடித்து, பக்கச் செட்டைக்குப் பின்னால் செதிலைக் கொஞ்சம் கிளப்பிக் குத்துவாள். ஒரு சின்னக் குமிழி வரும். மீன் நிமிர்ந்துகொள்ளும். எங்கே குத்துவது, எவ்வளவு குத்துவது என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. விரல் சொல்லும் என்பாள். கொழும்புக்குக் கட்டி அனுப்புகிறவளும் அவள்தான். பொலித்தீன் பையில் கால்வாசி கடல்தண்ணீர், ஒரு மீன், மிச்சம் முழுக்க ஒட்சிசன். சிலிண்டரின் குழாயைப் பைக்குள் விட்டுத் திருகினால் பை உப்பும். றப்பர் வளையம் போட்டு இறுக்கி சூடு ஏறாத ரெஜிபோம் பெட்டிக்குள் அடுக்கினால் ஒரு நாள் தாங்கும்.

ஆடி பிறந்தபோது சிலிண்டர் எடுப்பது பெரும்பாடாகிவிட்டது. அதற்கொரு கடிதம், அந்தக் கடிதத்துக்கு இன்னொரு கடிதம். சுழியோடவும் கடற்படை தடை போட்டது. தூண்டில் போட மட்டும் பாஸ் கொடுத்தார்கள், அதுவும் விடிந்து மத்தியானம் வரை, குடாவுக்குள்ளே. வெளிக்கல் குடாவுக்கு வெளியே இருந்தது. கனகசுந்தரம் இரண்டு நாளைக்கு ஒருமுறை தொலைபேசி எடுத்தார். முப்பது முப்பத்தைந்தாகி, முப்பத்தைந்து நாற்பதாகியது.

"வேண்டாம் எண்டு சொல்லுங்கோவன்," என்றாள் குணேஸ்வரி ஒரு நாள்.

"சொல்லலாம்," என்றான் யோகலிங்கம். "நாளைக்கு நாப்பத்தஞ்சு எண்டு சொன்னா?"

வேண்டாம் என்று தான் முழுமனதோடு சொல்லவில்லை என்பது அவளுக்குப் பிறகு வாழ்நாள் முழுக்க ஞாபகம் இருந்தது.

அந்த நாள் மேற்கே இருந்து வருகிற கச்சான் காற்று விடியவே தொடங்கிவிட்டது. தறப்பாள் படபடத்தது. அவள் பிட்டு அவித்து, சம்பல் இடித்து, இரண்டு பார்சல் கட்டிக் கொடுத்தாள். ஒன்று யோகலிங்கத்துக்கு, மற்றது அவளுடைய தம்பி குணரத்தினத்துக்கு. முப்பது வயது, இரண்டு பிள்ளைகளின் தகப்பன். சுழியோடவும் அத்தானிடம் பழகினவன், ஆனாலும் வள்ளத்தில் நின்று கயிறு பிடிப்பதுதான் அவன் வேலை. காற்றுத் தாங்கியை வலைக்குக் கீழே ஒளித்துக்கொண்டு இருவரும் போனார்கள். இருந்தது ஒரேயொரு தாங்கி.

ஒன்பது மணிக்கு மூதூர்ப் பக்கம் செல் குண்டு விழுகிற சத்தம் கேட்டது. அயலில் எல்லாரும் வாசலுக்கு வந்து தெற்கே பார்த்தார்கள். தாஹிரின் வானும் அந்த நேரம்தான் வந்து நின்றது. கனகசுந்தரம் இறங்கினார். "றோட்டை எப்ப மூடுவாங்களோ தெரியாது. பின்னேரம் ரெண்டு மணிக்கு முன்னம் வெளிக்கிட்டிட வேணும். நாளைக்கு எண்டு ஒண்டு இல்லை," என்றார். பயந்துதான் வந்திருக்கிறார், ஆனால் வராமல் இருக்க ஏலாமல் வந்திருக்கிறார்.

பத்தரைக்கு வள்ளம் கரைக்கு வந்தது. யோகலிங்கம் கூடையைத் தானே தூக்கிக்கொண்டு நடந்து வந்தான். அவள் கண்ணால் கண்டாள், நடந்துதான் வந்தான். கூடைக்குள் ஒரு சோடி. இரண்டும் நிமிர்ந்து நீந்தின. வயிறு ஊதவேயில்லை. அவளுக்கு ஊசியை எடுக்கிற வேலையே வரவில்லை.

"இவ்வளவு நல்லாக் கூறைமீன் வந்து நான் பாக்கேல்ல," என்றார் கனகசுந்தரம். அவருடைய கண் கலங்கிவிட்டது.

யோகலிங்கம் தோளைச் சொறிந்தான். "உடம்பெல்லாம் கடிக்குது. கடலில சொறிமுட்டை பட்டிருக்கும்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பாயில் படுத்தான்.

குணரத்தினம் மட்டும் வள்ளத்தடியிலேயே நின்றான். அவள் போய்க் கேட்டாள். "என்னடா, ஏன் மரம் மாதிரி நிக்கிறாய்?"

"அக்கா," என்றான், "அத்தான் நிண்டு வரேல்ல."

"என்ன சொல்லுறாய்?"

"ரோந்துப் படகு ஒண்டு வடக்கால வந்தது. நான் பயந்து கயிறை மூண்டு தரம் இழுத்திட்டன். மேல வா எண்டு அர்த்தம். அத்தான் ஒரேயடியா மேல வந்திட்டார். கூடையை மட்டும் முடிச்சில கட்டிவிட்டிட்டு வந்தவர். அவங்கள் தூரத்தால போய்ட்டாங்கள். பிறகு நாங்கள் முக்கால் மணித்தியாலம் தூண்டில் போடுறவங்கள் மாதிரி இருந்து, முடிச்சு முடிச்சா, நேரம் பாத்துப் பாத்துக் கூடையைத் தூக்கினனாங்கள். திரும்ப இறங்கி நில்லுங்கோ எண்டு சொன்னன். தாங்கியில காத்து முடிஞ்சுது."

அவள் உள்ளே ஓடினாள். யோகலிங்கம் பாயில் கிடந்து தறப்பாளைப் பார்த்துக்கொண்டிருந்தான். முழங்காலைப் பிடித்திருந்த இரண்டு கையும் நடுங்கின.

"நோகுதே?"

"முதல் நொந்தது. இப்ப இடது கால் விறைச்சுப்போய்க் கிடக்கு. கொஞ்சம் படுத்தாச் சரியாகும். நீ போய் மீனைக் கட்டு."

தாஹிர் வாசலில் வந்து நின்று பார்த்தான். அவன் முகம் மாறியது. "தங்கச்சி, இது லேசுப்பட்ட விசயமில்ல. நிலாவெளி ஹோட்டல்ல ஒரு வெள்ளைக்காரனுக்கு இப்பிடித்தான் வந்திச்சு. நான்தான் ஏத்திப் போனன். கையோட ஒட்சிசனைக் குடுத்தாங்க, வழி நெடுக அதைத்தான் மூச்சா இழுத்துக்கிட்டு வந்தான். துறைமுகத்துக்குள்ள நேவி முகாமில ஒரு இரும்பறை இருக்கி. அதுக்குள்ள போட்டுக் காத்தை அமுக்கி எடுத்தா எழும்பிருவான். அவன் எழும்பி நடந்து போனதை இந்தக் கண்ணால கண்டனான்."

"முகாமுக்கோ?" என்றான் யோகலிங்கம். "எங்க சுழியோடினனி எண்டு கேட்டா என்ன சொல்லுறது? தூண்டில் பாஸோட போனவனுக்கு எப்பிடி இது வந்தது எண்டு கேட்டா? ரத்தினத்தையும் சேத்தெல்லோ பிடிப்பாங்கள். கதையை விடு, தாஹிர்."

"சரி, முகாமை விடுங்க. ஆஸ்பத்திரிக்காச்சும் போவம். அதுவரைக்கும் அந்தச் சிலிண்டர்ல இருக்கிற காத்தை இழுக்கட்டும்."

எல்லாரும் கனகசுந்தரத்தைப் பார்த்தார்கள். படித்தவர், அவருக்குத் தெரியும் என்று பார்த்தார்கள். சிலிண்டரின் முள் சிவப்புக் கோட்டுக்குக் கிட்ட நின்றது. கூறைமீன் சோடிக்கும் தொட்டிகளில் இருந்த மற்ற இருபது மீனுக்கும் மட்டுமட்டாகக் காணும்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது வெல்டிங் கடை ஒட்சிசன், தாஹிர். மனிசன் இழுக்கிறதில்லை. சுவாசப்பையைக் கருக்கிப்போடும்," என்றார். பிறகு, "படுத்திருந்தா குறையும் எண்டுதான் நானும் வாசிச்சனான்," என்றார்.

அதை அவர் நம்பிச் சொன்னாரா, நம்பாமல் சொன்னாரா என்பது அவருக்கும் கடவுளுக்கும்தான் வெளிச்சம். சொன்ன பிறகு அவர் தாஹிரின் முகத்தைப் பார்க்கவில்லை.

"மீனுக்கு நல்லதெண்டா மனிசனுக்கு மட்டும் எப்பிடிக் கருகும் ஐயா?" என்றான் தாஹிர்.

யோகலிங்கம் பாயில் இருந்து சத்தம் போட்டான். "குணேஸ், அங்க நிண்டு கதைச்சுக் கதைச்சு நேரத்தைப் போக்காட்டாத. கரண்டு வேற இல்லை. தொட்டியில மீன் வாயைப் பிளக்கும். றோட்டு மூடினா இவ்வளவும் போகும். என்ர காலுக்கு ஒண்டுமில்லை. மீனைக் கட்டு."

அவள் கட்டினாள். எனக்கு இதைச் சொல்லவே மனம் வரவில்லை, ஆனாலும் அவள்தான் கட்டினாள். ஓட்டுக் கூரையை நினைத்தாளா, புருசன் சொல் என்று நினைத்தாளா, படித்தவர் பொய் சொல்லமாட்டார் என்று நினைத்தாளா, எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் இருந்திருக்கும். தொட்டியடியில் குந்தி ஒவ்வொரு பையாகத் தண்ணீர் விட்டு, மீனை விட்டு, குழாயை விட்டுத் திருகினாள். பை உப்பியது. வளையம் போட்டாள். இருபத்திரண்டு பை. கடைசிப் பைக்கு முள் அடியில் விழுந்துவிட்டது. கூறைமீனுக்கு மட்டும் பெரிய பையாக எடுத்து, இரட்டிப்பாகக் காற்று வைக்கச் சொன்னார் கனகசுந்தரம். அப்படியே வைத்தாள்.

இரண்டு மணிக்கு முன்னால் வான் போனது. போகிற வழியில் யோகலிங்கத்தை ஆஸ்பத்திரியில் இறக்கிவிடலாம் என்றான் தாஹிர். பின்னால் பெட்டி அடுக்கியாகிவிட்டது, ஆளைப் படுக்கவைக்க இடமில்லை. யோகலிங்கமும் மாட்டேன் என்றுவிட்டான்.

நாலு மணிக்கு யோகலிங்கத்தால் மூத்திரம் பெய்ய ஏலாமல் போனது. ஐந்து மணிக்கு இரண்டு காலிலும் ஊசியால் குத்திப் பார்த்தாள், மீனுக்குக் குத்துகிற அதே ஊசியால். அவனுக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் அவள் கத்தினாள். குணரத்தினம் முச்சக்கர வண்டி பிடிக்க ஓடினான். செல் சத்தத்துக்குள் ஒருவரும் வரவில்லை. கடைசியில் பேக்கரிப் பாண் ஏற்றுகிற வண்டிக்காரன் ஒருவன் வந்தான்.

பெரியாஸ்பத்திரியில் டொக்டர் அவனைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எத்தினை மணிக்கு மேல வந்தவர்?" என்று கேட்டார்.

"காலமை எட்டேமுக்கால் இருக்கும்," என்றான் குணரத்தினம்.

"ஏன் உடனே கொண்டு வரேல்ல?"

டொக்டர் உடனே அவன் முகத்தில் ஒட்சிசன் முகமூடியை மாட்டினார். குணேஸ்வரி அந்தக் குழாயைப் பார்த்தாள். குழாய் போய்ச் சேருகிற சிலிண்டரைப் பார்த்தாள். கொஞ்சம் பெரிது, வேறு நிறம், அவ்வளவுதான்.

"டொக்டர், வெல்டிங் கடை ஒட்சிசன் எண்டா மனிசருக்குக் கூடாதோ?" என்று கேட்டாள்.

"அந்தர அவசரத்துக்கு அதுவும் இதுவும் ஒண்டுதான் அம்மா. ஏன், இருந்ததே?"

"ஓம்," என்றாள். "இருந்தது."

சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள்.

அடுத்த நாள் காலையில் அவனைத் துறைமுகத்து முகாமுக்குள் கொண்டுபோனார்கள். மூன்று நாள் அந்த இரும்பறைக்குள் போட்டு எடுத்தார்கள். வெளியில் காத்திருந்த அவளுக்கு ஒரு கடற்படைப் பையன் தேத்தண்ணியும் பிஸ்கட்டும் கொண்டுவந்து கொடுத்தான். பாஸைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தாலாவது அவளுக்கு மனம் ஆறியிருக்கும். கேட்பார்கள் என்ற பயத்தில்தானே அந்தப் பகல் முழுதும் போனது.

கை இரண்டும் முழுசாகத் திரும்பி வந்தன. இடுப்புக்குக் கீழே ஒன்றும் திரும்பவில்லை.

நாற்பதினாயிரத்தைக் கனகசுந்தரம் சொன்னபடி அனுப்பினார். அது மருந்துக்கும் ஆட்டோவுக்கும் சிறுநீர்க் குழாய்க்கும் போனது. தாஹிர் அதற்குப் பிறகு மீன் ஏற்றுவதை விட்டுவிட்டான், கிண்ணியாவில் நெல் லொறி ஓட்டினான். இரண்டு தரம் வந்து யோகலிங்கத்துக்குப் பக்கத்தில் இருந்துவிட்டுப் போனான். அவனோடு யோகலிங்கம் மழையைப் பற்றி, விளைச்சலைப் பற்றிக் கதைத்தான். அந்த நாளைப் பற்றி இருவரும் கதைக்கவில்லை. மாரி முழுக்கத் தறப்பாள் ஒழுகியது. குணேஸ்வரி உப்புவெளியில் ஒரு வீட்டுக்குச் சமைக்கப் போய், பின்னேரம் வந்து அவனைப் புரட்டி, முதுகுப் புண்ணைக் கழுவி, திரும்பப் படுக்கவைப்பாள். அவன் நல்ல பிள்ளை போலக் கிடப்பான். கோபமே படமாட்டான். அதுதான் அவளுக்குத் தாங்க ஏலாமல் இருந்தது.

அடுத்த வைகாசியில், விடியக் கருக்கல் விலகுகிற நேரம் கனகசுந்தரத்தின் வான் வந்து நின்றது. வேறொரு சாரதி. பின்கதவைத் திறந்து அவர் முதலில் இறக்கியது ஒரு சக்கர நாற்காலி. புதுசு, பொலித்தீன் உறைகூடக் கழற்றவில்லை. யோகலிங்கத்தைத் தூக்கி அதில் வைத்துத் தள்ளினார்கள். முற்றத்து மணலில் நாலு அடி போய்ச் சக்கரம் புதைந்து நின்றுவிட்டது. கனகசுந்தரத்துக்கு வெட்கமாகப் போய்விட்டது. "பலகை போடுவம்," என்றார்.

குணரத்தினம் ஏற்கெனவே வந்திருந்தான். அவனும் கனகசுந்தரமும் தொலைபேசியில் கதைத்து முடித்துவிட்டார்கள் என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

"அந்தச் சோடி என்னவாச்சு ஐயா?" என்று யோகலிங்கம் கேட்டான்.

"உயிரோட இருக்கு. நான் ஒரு அப்புக்காத்துக்குக் குடுத்தன். அவர் ஆறு மாசம் வச்சிருந்து ஜப்பானுக்கு வித்தார்." தொகையையும் சொன்னார்.

யோகலிங்கம் அதை விரல் விட்டுக் கணக்குப் பார்த்தான். பிறகு மெல்ல, "அப்ப எங்களுக்குக் குறைச்சுத்தான் தந்திருக்கிறியள்," என்றான்.

அவனுடைய குரலில் பத்து மாதத்துக்குப் பிறகு முதல்முறையாகக் கோபம் வந்தது. கால் போனதற்கு வராத கோபம்.

"அதுக்குத்தான் இந்த முறை எண்பது," என்றார் கனகசுந்தரம். "எனக்கும் மனச்சாட்சி இருக்கு யோகலிங்கம்."

"இடம் ரத்தினத்துக்குத் தெரியும்," என்றான் யோகலிங்கம். "அண்டைக்கு முதல் என்னோட இறங்கிப் பழகினவன்தானே."

"தம்பி, நீ போகமாட்டாய்," என்றாள் அவள்.

குணரத்தினம் நிலத்தைப் பார்த்தான். "பாண் என்ன விலை அக்கா? பால்மா என்ன விலை? தூண்டிலில வாறது எண்ணெய்க்கே காணாது. நான் ஆறுதலா நிண்டு நிண்டு வருவன்."

"அத்தானும் அப்பிடித்தான் சொல்லிப்போட்டுப் போனவர்."

"ரெண்டு தாங்கி இருக்கு அக்கா இப்ப."

"அப்ப நான் ஊசி பிடிக்கமாட்டன். ஒரு மீனுக்கும் குத்தமாட்டன். கட்டவும் மாட்டன். என்ன செய்வியள்?"

யோகலிங்கம் தன் இரண்டு கையையும் மடியில் விரித்துப் பார்த்தான். "நான் குத்துறன்," என்றான். "என்ர கை நல்லாத்தானே இருக்கு. நீ செய்யேக்க எத்தினை தரம் பாத்திருப்பன்."

பிட்டுக்கூட யாரும் கேட்கவில்லை. தாங்கிகளை வலைக்குக் கீழே மூடிக்கொண்டு குணரத்தினம் இன்னொருவனோடு வள்ளத்தைத் தள்ளினான். அவனுடைய மனுசி கரையில் நின்றாள், இடுப்பில் சின்னப்பிள்ளையோடு. கச்சான் காற்று இன்னும் கிளம்பவில்லை. கடல் எண்ணெய் விட்டது போலக் கிடந்தது.

வள்ளம் கண்ணுக்கு மறையும்வரை நின்றுவிட்டு குணேஸ்வரி திரும்பி வந்தாள். நேரே வானடிக்குப் போனாள். பெட்டிகளுக்கு நடுவில் சிலிண்டர் நின்றது.

"ஒண்டுதானோ கொண்டு வந்தனீங்கள்?"

"ஒண்டுதான் கிடைச்சது தங்கச்சி. அதுக்கே எத்தினை பேரின்ர காலில விழுந்தனான்."

"முள் எங்க நிக்குது?"

"முக்கால்வாசி இருக்கு. மீனுக்குத் தாராளமாக் காணும்."

அவள் சிலிண்டரின் கழுத்தைப் பிடித்துச் சாய்த்து, வானில் இருந்து மணலில் இறக்கினாள். சாரதி உதவிக்கு வந்தான், கட்டுகிற இடத்துக்குத்தான் கொண்டுபோகிறாள் என்று நினைத்தான். தொட்டியடியைத் தாண்டி அவள் அதை உருட்டிக்கொண்டு போனாள். வாசற்படியில் ஏற்ற மூச்சுப் பிடித்தாள், யாரையும் தொடவிடவில்லை. உள்ளே யோகலிங்கத்தின் பாயடியில் நிமிர்த்தி வைத்தாள். ஒரு குழாயையும், முகத்தில் மூட ஒரு பொலித்தீன் பையையும் பக்கத்தில் வைத்தாள். பிறகு வாசலில் வந்து நின்றாள்.

"ரத்தினம் வரட்டும். வந்து இந்த முற்றத்தில நடக்கட்டும். மூண்டு மணித்தியாலம் ஒரு விறைப்பும் வராமல் என்ர கண்ணுக்கு முன்னால இருக்கட்டும். அதுக்குப் பிறகு இது மீனுக்கு."

கனகசுந்தரம் மணிக்கூட்டைப் பார்த்தார். "கரண்டில்லாத தொட்டியில மூண்டு மணித்தியாலத்தில மீன் செத்துப்போகும் தங்கச்சி. பதினொரு மணிக்குள்ள கட்ட வேணும். றோட்டு நிலமை உனக்குத் தெரியும்தானே."

"சாகட்டும்."

"எண்பதினாயிரம், தங்கச்சி."

"சாகட்டும் எண்டுதானே சொல்லுறன்."

அவர் என்ன சொன்னாலும் பதில் சொல்ல அவள் ஆயத்தமாக நின்றாள். எத்தனை மாதமாக மனதுக்குள் சேர்த்து வைத்திருந்தாள். ஆனால் அவர் திரும்பி யோகலிங்கத்தைப் பார்த்தார். மணலில் புதைந்த சக்கர நாற்காலியில் இருந்து யோகலிங்கம்தான் பேசினான். கெஞ்சுகிற குரலில் பேசினான். இத்தனை மாதத்தில் நோவுக்குக்கூட அவன் அப்படிக் கெஞ்சியதில்லை.

"குணேஸ். பாதியாவது மீனுக்கு விடன்."

அவள் அவனைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்தி, குறுக்கே தடியைப் போட்டாள். சிலிண்டரை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்தாள். வெளியில் அவன் இன்னொரு தரம் கூப்பிட்டான். அவள் திறக்கவில்லை.